முதல் பாட்காஸ்ட்: மைக் வாங்குவதற்கு முன்னால் தொடங்கும் வேலை

பாட்காஸ்ட் என்றால் இணையத்தில் எபிசோடு எபிசோடாக வெளியிடுகிற ஒலி நிகழ்ச்சி. அதை ஆரம்பிக்க ஆசைப்படுகிற யாரும் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். மைக்குக்கு வருவோம், ஆனால் அது நான்காவது ஐந்தாவது வேலை. முதல் வேலை, யாருடைய காதுக்குள் போய் உட்காரப் போகிறோம் என்று முடிவு செய்வது. பாட்காஸ்ட் கேட்கிறவர் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார், அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பார், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனோடு படுத்திருப்பார். மேடைப் பேச்சுக்கும் டிவி நிகழ்ச்சிக்கும் இல்லாத ஒரு நெருக்கம் இதில் உண்டு. அந்த நெருக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் பேசுவது, எந்தத் தமிழில் பேசுவது, எந்த அறையில் உட்காருவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

ஒரு உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொண்டு போகலாம், அப்போதுதான் வெறும் அறிவுரையாக இருக்காது. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் நாச்சியார்கோவில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். மண் அச்சில் பித்தளையை உருக்கி ஊற்றி, கடைசல் பிடித்து (இயந்திரத்தில் சுழற்றிச் சீவி), அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் வருகிற பிரபை என்று தனித்தனியாகச் செய்து கடைசியில் திருகி மாட்டுவார்கள். இந்த ஊரையும் இந்தத் தொழிலையும் பற்றி நீங்கள் ஒரு பாட்காஸ்ட் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஆள், ஒரு கேள்வி

"தமிழர் கைத்தொழில்கள்" என்று தலைப்பு வைத்தால் ஐந்து எபிசோடுக்குள் மூச்சு வாங்கிவிடும், ஏனென்றால் அதில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்றே தெரியாது. "குத்துவிளக்கு செய்கிற ஒருவரின் ஒரு நாள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் போதும், வேலை பிடிபட்டுவிடும். உலைக்கு முன்னால் நிற்பவர், கடைசல் பிடிப்பவர், விற்கிற கடைக்காரர், கல்யாணத்துக்கு விளக்கு வாங்க வந்த அம்மா, எல்லாருமே இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பக்கத்திலிருந்து பதில் சொல்வார்கள். உங்கள் விஷயம் கிரிக்கெட்டாக இருக்கலாம், வங்கித் தேர்வாக இருக்கலாம், பாட்டி வைத்தியமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் ஒரே வரியில், கேள்விக்குறி போட்டு எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கேட்கப்போகிற ஆள். "எல்லாருக்கும்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளை மனதில் நிறுத்துங்கள். என்னைப் பொறுத்தவரை அது வெளியூரில் வேலை பார்க்கிற என் சித்தி பெண். அவளுக்கு நாச்சியார்கோவில் என்றால் பஸ் போகிற வழியில் வருகிற ஒரு ஊர், அவ்வளவுதான். ஆனால் அவள் வீட்டில் அந்த விளக்கு இருக்கிறது. அவளுக்கு எங்கே சலிப்புத் தட்டும், எந்த வார்த்தை புரியாது, எதைக் கேட்டால் "அட!" என்பாள் என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டிங் நடுவே குழப்பம் வரும்போதெல்லாம் அவளிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசுவேன்.

சரி, இப்போது ஒரு நோட்டை எடுத்துப் பத்து எபிசோடுக்குத் தலைப்பு எழுதுங்கள். ஆறு ஏழோடு பேனா நின்றுவிட்டால் விஷயம் மிகவும் குறுகல், கொஞ்சம் அகலப்படுத்துங்கள். அரைமணி நேரத்தில் நாற்பது எழுதிவிட்டால் அது மிகவும் அகலம், அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தும் வந்த பிறகு அதில் ஆறை மட்டும் தேர்ந்தெடுத்து "முதல் பருவம்" என்று அறிவித்துவிடுங்கள். வாராவாரம் முடிவே இல்லாமல் போடுவேன் என்று கிளம்புகிற பலர் நாலாவது வாரத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆறோடு முடிகிற பருவம் என்றால் உங்களுக்கும் எல்லை தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிற ஒருவருக்கு நியாயமான வேகம்.

நீளத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். முதல் பாட்காஸ்டுக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எடிட்டிங்கில் உங்களுக்கே பொறுமை போய்விடும்.

பெயரை வைப்பதற்கு முன்னால் பாட்காஸ்ட் கேட்கிற ஆப்பான ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும், நம் ஆட்களில் நிறையப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், அதனால் விவரக்குறிப்பில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவையுங்கள்.

எந்தத் தமிழில் பேசுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற மொழிக்காரர்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் இது வரவே வராது. நமக்கு எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் ஒன்று. மைக்கைப் பார்த்ததும் பலருக்குச் செய்தி வாசிப்பாளர் குரல் வந்துவிடுகிறது. "விளக்குகள் தயாரிக்கப்படுகின்றன" என்று ஆரம்பித்துவிடுவார்கள். காதோடு காதாகப் பேசுகிற இடத்தில் அது தள்ளி நின்று பேசுவது மாதிரி இருக்கும். நீங்கள் தஞ்சாவூர்க்காரராக இருந்தால் தஞ்சாவூர் மாதிரியே பேசுங்கள், நாகர்கோவில் என்றால் நாகர்கோவில் மாதிரி, யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணம் மாதிரி. வட்டாரத் தமிழ் புரியாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். சினிமாவிலும் வானொலியிலும் எல்லா ஊர்த் தமிழையும் கேட்டு வளர்ந்த காதுகள் நமக்கு. புரியாது என்று தோன்றுகிற ஒரு சொல்லுக்கு மட்டும் அந்த இடத்திலேயே ஒரு வரி விளக்கம் சொல்லிவிட்டுப் போகலாம்.

அதனால் ஸ்கிரிப்ட் எழுதும்போதே பேச்சுத் தமிழில் எழுதுங்கள். எழுத்தில் பார்க்கக் கொச்சையாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அந்தத் தாளை யாரும் படிக்கப் போவதில்லை. நம் உதாரணத்துக்கு இப்படி ஒரு தொடக்கம் எழுதலாம்: "குத்துவிளக்கு கைதவறிக் கீழ விழுந்தா என்ன சத்தம் வரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதை செய்யும்போது என்ன சத்தம் வரும்னு கேட்டிருக்கீங்களா? இதோ கேளுங்க." உடனே கடைசல் இயந்திரம் பித்தளையைச் சீவுகிற ஒலி. பத்து விநாடி. அதற்குப் பிறகு நீங்கள் யார், இது என்ன நிகழ்ச்சி என்று சொன்னால் போதும். "வணக்கம் நேயர்களே, இன்றைய எபிசோடில் நாம் பார்க்கப்போவது" என்று இரண்டு நிமிடம் வாசல் தெளிக்கிற எபிசோடுகளை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இன்னொன்று, கேட்கிறவர் ஒருவர்தான் என்று சொன்னேன் இல்லையா, அதனால் "நீங்கள் எல்லாரும்" என்பதை விட்டுவிட்டு "நீங்க" என்று மட்டும் பேசிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

முழு ஸ்கிரிப்டா, குறிப்பு மட்டுமா? தனியாகப் பேசுகிற எபிசோடு என்றால் முதல் ஒரு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் முழுசாக எழுதுங்கள், நடுவுக்குக் குறிப்பு போதும். நீங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை வரி பேசுவீர்கள் என்பதை ஒரு பக்கம் சத்தமாகப் படித்துப் போனில் நேரம் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் அது மாறும்.

அறைதான் பாதி மைக்

ஐயாயிரம் ரூபாய் மைக்கை டைல்ஸ் போட்ட காலி ஹாலில் வைத்துப் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். சாதாரணப் போனைத் துணி நிறைந்த படுக்கையறையில் வைத்துப் பேசினால் கேட்கிற மாதிரி இருக்கும். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், ஜன்னல் கண்ணாடி, எல்லாமே குரலைத் திருப்பி அனுப்பும். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டலுக்குப் பிறகு "ங்" என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமுக்காளத்தை விரியுங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதைப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள், தலைக்குப் பின்னால் கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள். இவ்வளவுக்கும் பைசா செலவில்லை. கார் இருந்தால் இன்னும் நல்லது, ஜன்னலை ஏற்றிவிட்டு நிறுத்தி வைத்த கார் ஒரு அருமையான ரெக்கார்டிங் அறை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

அடுத்து சத்தங்கள். சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், வேறு வழியே இல்லை. நான் செய்த முதல் பேட்டி முழுக்க ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வந்திருந்தவருக்கு வியர்க்கிறதே என்று விட்டுவிட்டேன். ஐம்பது நிமிடப் பேட்டியில் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை, அவரை மறுபடி அழைக்கவும் மனம் வரவில்லை. இப்போதெல்லாம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஃபேனைப் போட்டு மோர் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். ஃபிரிட்ஜின் ரீங்காரம் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. அதை அணைக்கும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட்டால் கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போட்டுவிடுவீர்கள். காலையில் காய்கறி வண்டியும் குக்கர் விசிலும், சாயங்காலம் பிள்ளைகள் விளையாட்டும் வரும். மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி. என் அனுபவத்தில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தெரு அமைதியாக இருக்கிறது. உங்கள் தெருவில் எப்போது என்று ஒருநாள் முழுக்கக் காதைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் தொழில் நடக்கிற இடத்துக்கே போய்ப் பேசும்போது இந்தக் கதை மாறும். பட்டறையின் சத்தம் அங்கே இடையூறு இல்லை, அதுவும் பேட்டியில் ஒரு ஆள். உலையின் இரைச்சல், உளி, அரம், பித்தளை பித்தளையில் மோதுகிற ஓசை, ஒவ்வொன்றையும் தனியாக இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் ரெக்கார்டு செய்யுங்கள். பேச்சை மட்டும் பட்டறைக்குப் பின்னால் உள்ள அமைதியான இடத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்க்கும்போது சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். எந்த இடமானாலும் கிளம்புவதற்கு முன்னால் அரை நிமிடம் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அதுதான் உதவும்.

இப்போது மைக்

கையிலிருக்கிற போனே போதும் என்று ஆரம்பிப்பதுதான் சரி. ஃப்ளைட் மோடில் போடுங்கள், ரெக்கார்டர் ஆப்பின் அமைப்புக்குள் போய்த் தரத்தை உச்சத்துக்கு மாற்றுங்கள், மெமரியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்காத வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்கு மேல் போகும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் சட்டையில் மாட்டுகிற காலர் மைக். ஆயிரம் ரூபாய்க்கு முன்னும் பின்னும் கிடைக்கிற போயா பிஒய்-எம்1 நம் ஊரில் யூடியூப் செய்கிற பலரும் ஆரம்பித்த மைக். ஆறு மீட்டர் ஒயர் இருக்கிறது. அதிலுள்ள சின்னப் பெட்டியில் போனுக்கு ஒரு நிலை, கேமராவுக்கு ஒரு நிலை என்று ஸ்விட்ச் இருக்கும், போனில் எடுக்கும்போது அது போன் பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இப்போதைய போன்களில் பழைய ஹெட்போன் துளை இல்லாததால் சி-டைப் அடாப்டரும் தேவைப்படலாம். காலர் மைக்கை மாட்டும்போது கஞ்சி போட்ட காட்டன் சட்டை, கழுத்துச் சங்கிலி, புடவை முந்தானை இவையெல்லாம் உரசுகின்றனவா என்று ஹெட்போனில் கேட்டுப் பார்த்து இடம் மாற்றுங்கள். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே சரியான இடம்.

இன்னும் மேலே போக நினைப்பவர்கள் டைனமிக், கண்டென்சர் என்ற இரண்டு வகையைப் பற்றிப் படிப்பார்கள். கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், அதனால் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் நுணுக்கமாகக் கேட்கும். டைனமிக் மைக் வாய்க்கு அருகில் இருப்பதைத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் டைனமிக்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சாம்சன் க்யூ2யூ மாதிரி யுஎஸ்பியிலும் ஒலி மிக்ஸர் ஒயரிலும் இணைக்க முடிகிற டைனமிக் மைக் ஒன்று வாங்கினால் பல வருடம் மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் ஆறு எபிசோடு முடித்த பிறகு வாங்குங்கள்.

பேசும் முறை: மைக்குக்கும் வாய்க்கும் நடுவே நாலு விரல் அகலம் இருக்கட்டும். நேராக ஊதாமல் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பாப்பா, பட்டு, பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள், காற்று கையில் அடிக்கும். அந்தக் காற்றுதான் ரெக்கார்டிங்கில் "டப் டப்" என்று வருவது. காற்று அடிக்காத கோணத்துக்கு மைக்கைத் தள்ளுங்கள். சத்த அளவு காட்டுகிற கோட்டில் நீங்கள் பலமாகப் பேசும்போது மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், அதைப் பிறகு சரிசெய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். சத்தம் குறைந்திருந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஹெட்போன் போடாமல் ஒருபோதும் ரெக்கார்டு செய்யாதீர்கள்.

பேட்டி எடுப்பது

முதல் நாள் போனில் பேசி நேரத்தையும் விஷயத்தையும் சொல்லிவையுங்கள், ஆனால் கதையைக் கேட்டுவிடாதீர்கள். "அதை நேத்தே சொன்னேனே" என்று ஆரம்பிக்கிற பதிலில் உயிர் இருக்காது. மைக்கைப் போட்டதும் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள், அவர் பேசுகிற நேரத்தில் சத்த அளவைச் சரிசெய்துகொள்ளலாம், அவருக்கும் மைக் மறந்துபோகும். பெயர், தொழில், "இதைப் பதிவு செய்து வெளியிட எனக்குச் சம்மதம்" என்பதை அவர் குரலிலேயே முதலில் பதிந்துவிடுங்கள். எங்கே வெளியாகும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதையும் விளக்குங்கள். வயதானவர்களிடமும் இணையம் பழகாதவர்களிடமும் இதை இரண்டு முறை சொல்வது நம் கடமை.

கேள்விகள் "ஆமாம், இல்லை" என்று முடிகிற மாதிரி இருக்கக் கூடாது. "இந்தத் தொழில் கஷ்டமா?" என்றால் "ஆமா, கஷ்டம்தான்" என்று வரும். "முதல் தடவை உருக்கின பித்தளையை ஊத்தினப்ப உங்களுக்கு என்ன வயசு, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் ஒரு நாளே எழுந்து வரும். அப்புறம், என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி "அப்புறம்?" என்பதுதான். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் நிறுத்திய பிறகும் மூன்று எண்ணுகிற வரை காத்திருங்கள். அந்த மூன்று எண்ணிக்கைக்குள்தான் பலர் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு, யாராவது பேசினால் "ம்", "சரிங்க", "ஆமாங்க", "அடடா" என்று போட்டுக்கொண்டே இருப்போம். நேரில் அது மரியாதை. ரெக்கார்டிங்கில் அவர் குரலின் மேலேயே விழுந்து வெட்ட முடியாமல் ஒட்டிக்கொள்ளும். தலையை மட்டும் ஆட்டப் பழகுங்கள். கண்ணைப் பார்த்துத் தலையாட்டினால் அவருக்கு அதுவே போதும்.

வெளியூரில் இருப்பவரைப் பேட்டி எடுக்கும்போது போன் அழைப்பையே பதிவு செய்யாதீர்கள், குரல் தகரத்தில் அடித்த மாதிரி இருக்கும். ரிவர்சைட், ஜென்காஸ்டர் மாதிரியான தளங்கள் இரண்டு பக்கக் குரலையும் அந்தந்த ஊர் கணினியிலேயே பதிந்து பிறகு அனுப்புகின்றன. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஹெட்போன் போட்டுப் பேசிக்கொள்ளுங்கள், அதே நேரத்தில் இரண்டு பேரும் தங்கள் பக்கத்தில் இன்னொரு போனிலோ கணினியிலோ குரலைப் பதியுங்கள். ஆரம்பத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இருவரும் சேர்ந்து கைதட்டுங்கள், இரண்டு கோப்பையும் பொருத்த அந்தத் தட்டல் அடையாளமாக இருக்கும். அவர் கோப்பை அனுப்பும்போது வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எடிட்டிங்

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம், பதிவை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைப்பது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

ஆடாசிட்டி என்கிற மென்பொருள் 2000லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் பாட்காஸ்டுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பலர் செய்கிற தவறு, திறந்ததும் இருமலையும் "ஆ...", "வந்து..." என்பதையும் வெட்ட ஆரம்பிப்பது. அப்படிச் செய்தால் பிறகு மொத்தமாகத் தூக்கி எறியப்போகிற பகுதியை இரண்டு மணி நேரம் சுத்தம் செய்துகொண்டிருப்பீர்கள். முதலில் முழுவதையும் நடந்துகொண்டே ஒருமுறை கேளுங்கள், நேரத்தோடு குறிப்பெடுங்கள். எந்த ஐந்து இடங்கள் உங்களை நிற்க வைத்தன? அவற்றை எந்த வரிசையில் சொன்னால் சித்தி பெண்ணுக்குப் புரியும்? காகிதத்தில் வரிசை முடிவான பிறகு பெரிய துண்டுகளை வெட்டி அடுக்குங்கள். தயக்கங்களைச் சுத்தம் செய்வது கடைசி வேலை, அதையும் அளவோடு செய்யுங்கள். "வந்து..." எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மனிதர் பேசுகிற மாதிரியே இருக்காது. மூச்சை விட்டுவையுங்கள், அவர் யோசித்த இடைவெளியை விட்டுவையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: வரிசையை மாற்றுவதால் அவர் சொன்னதன் பொருள் மாறிவிடக் கூடாது. வேறொரு கேள்விக்குச் சொன்ன பதிலை இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒட்டுவது அவர் நம்மீது வைத்த நம்பிக்கைக்குச் செய்கிற துரோகம்.

பிறகு ஒலியைச் சரிசெய்வது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற தாழ்ந்த சுருதி ஒலியை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டினால் லாரி உறுமலும் மேஜை அதிர்வும் பெரும்பாலும் போய்விடும். நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு, பேச்சில்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து "இதுதான் இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டு, முழுக் கோப்புக்கும் கொஞ்சமாகப் போடுங்கள். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், அதற்கு ஃபேன் சத்தமே தேவலை. மெதுவாகப் பேசியதையும் பலமாகப் பேசியதையும் நெருக்கிக் கொண்டுவர கம்ப்ரஸர். கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷன், அதாவது மொத்தச் சத்தத்தை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவருவது: ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆப் கேட்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14ஐக் குறிப்பாக வைத்திருக்கிறது. மைனஸ் 16ல் வைத்தால் எங்கும் பிரச்சினை வராது. இதைச் செய்யாவிட்டால் கேட்கிறவர் உங்களுக்காக வால்யூமைக் கூட்டி வைத்திருப்பார், அடுத்து வருகிற விளம்பரம் அவர் காதைக் கிழிக்கும்.

வெளியே எடுக்கும்போது எம்பி3. பேச்சு மட்டும் என்றால் மோனோவில் (ஒரே தடத்தில்) 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்கிற அளவு) போதும், அரைமணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். பட்டறை ஒலியும் இசையும் நிறைய இருந்தால் ஸ்டீரியோவில் (இடம், வலம் என்று இரண்டு தடத்தில்) 128. முடிந்ததும் நல்ல ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, டவுன் பஸ்ஸில் ஒருமுறை கேளுங்கள். பஸ்ஸில் புரியாத இடம் எதுவோ அதைத் திரும்பச் சரிசெய்யுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை அரைமணி எபிசோடாக்க எனக்கு இன்னமும் ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆரம்பத்தில் அதைப்போல இரண்டு மடங்கு ஆனது. நாள் குறிப்பதற்கு முன்னால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு போடலாமா

சினிமாப் பாட்டு வேண்டாம். "பத்து விநாடிதானே, பரவாயில்லை" என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது, சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவுக்கு, வெளியான பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கிறது. பாரதியார் பாடல்கள் விஷயத்திலும் குழப்பம் உண்டு. அவர் எழுத்தின் உரிமையை 1949ல் அரசு வாங்கி, பிறகு பொதுச்சொத்தாக்கிவிட்டது, அதை நீங்கள் படிக்கலாம், பாடலாம். ஆனால் வேறொருவர் இசையமைத்துப் பாடி வெளியிட்ட பதிவு அவர்களுடையது, அதை எடுத்துப் போட முடியாது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது, எந்த நிபந்தனையோடு தருகிறார்கள் என்று படித்துவிட்டு எடுங்கள். தெரிந்த பையன் ஒருவன் கீபோர்டோ புல்லாங்குழலோ வாசிப்பான் என்றால் பதினைந்து விநாடிக்கு ஒரு மெட்டு வாசிக்கச் சொல்லி, பணம் கொடுத்து, பெயரையும் சொல்லுங்கள். நம் உதாரணத்துக்கு இசையே வேண்டாம், பித்தளையைத் தட்டுகிற ஓசையே போதும்.

வெளியிடுவது

பாட்காஸ்ட் எப்படி எல்லா ஆப்பிலும் போய்ச் சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் படி சுலபம். நீங்கள் எம்பி3யை ஒரு ஹோஸ்டிங் தளத்தில், அதாவது கோப்பை இணையத்தில் வைத்திருக்கிற இடத்தில், ஏற்றுகிறீர்கள். அந்தத் தளம் ஆர்எஸ்எஸ் என்கிற ஒரு முகவரியைத் தரும், அதில் உங்கள் எபிசோடுகளின் பட்டியல் இருக்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் எல்லாம் அந்த முகவரியைத் தொடர்ந்து எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததைத் தங்கள் ஆப்பில் காட்டும். பாட்காஸ்ட் என்ற சொல் 2004ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பிறந்ததிலிருந்து, 2005ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இடம் கொடுத்ததிலிருந்து, இன்றுவரை இந்த ஏற்பாடு மாறவில்லை. 2024ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப் மூடப்பட்டபோதும் ஆர்எஸ்எஸ் முகவரியைக் கையில் வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிகள் மற்ற ஆப்களில் அப்படியே ஓடின. அதனால் எந்த ஹோஸ்டிங் தளமானாலும், நாளைக்கு வேறிடம் போனால் முகவரியை மாற்றிவிட வசதி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம், முன்பு ஆங்கர் என்ற பெயரில் இருந்ததுதான் அது. பஸ்ஸ்ப்ரவுட், பாட்பீன் போன்றவை மாதச் சந்தாவில் இன்னும் கூடுதல் வசதி தருகின்றன. முதல் பருவத்துக்கு இலவசமே போதும். பதிவு செய்யும்போது மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள், பலர் இதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் நிகழ்ச்சிக்கென்று தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள், ஆர்எஸ்எஸ்ஸில் அது வெளியே தெரியக்கூடும். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல் இருக்கட்டும். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும், அதனால் பெயரைப் பெரிதாக எழுதி ஒரே ஒரு படம் வையுங்கள். ஒரு நிமிட ட்ரெய்லரை முதலில் ஏற்றுங்கள். ஆப்பிள் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்து ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகலாம், அந்த நாட்கள் ட்ரெய்லரோடு கழியட்டும். நம்மவர்கள் நிறையப் பேர் இன்னும் யூடியூபில்தான் கேட்கிறார்கள், அட்டைப்படத்தையே காட்சியாக வைத்து அங்கும் ஏற்றிவிடுங்கள்.

முதல் எபிசோடை வெளியிடும்போது குறைந்தது மூன்று எபிசோடு கையில் தயாராக இருக்க வேண்டும். ஜுரம் வரும், அலுவலகத்தில் வேலை நெருக்கும், பேட்டி தருவதாகச் சொன்னவர் ஊருக்குப் போய்விடுவார். அந்த இருப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

வாட்ஸ்அப்பில் வெறும் லிங்க்கை அனுப்பினால் பெரும்பாலானவர்கள் தொடுவதில்லை. எபிசோடின் மிக நல்ல நாற்பது விநாடியை வெட்டி ஆடியோவாக அனுப்பி, அதற்குக் கீழே லிங்க்கைக் கொடுங்கள். ஐம்பது குழுவுக்கு அனுப்புவதைவிட ஐந்து பேருக்குத் தனித்தனியாக, அவருக்கு ஏன் அனுப்புகிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். முதல் மாதம் டவுன்லோடு எண்ணிக்கையைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டாம். எத்தனை பேர் கடைசி வரை கேட்டார்கள், எந்த நிமிடத்தில் கழன்றுகொண்டார்கள் என்று ஸ்பாட்டிஃபை காட்டுகிற கோட்டைப் பாருங்கள், அடுத்த எபிசோடுக்கு அதுதான் உதவும்.

பேட்டி கொடுத்தவரிடம் ஸ்பாட்டிஃபை இருக்காது, லிங்க்கைத் திறக்கத் தெரியாமலும் இருக்கலாம். வெளியான அன்றைக்கு அவருக்கு எம்பி3யாகவே அனுப்பிவிடுங்கள். முடிந்தால் அந்த வாரமே ஒருநாள் பட்டறைக்குப் போய், வேலை ஓய்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். தன் குரலையும் தன் உலைச் சத்தத்தையும் அவர் கேட்டு முடிக்கட்டும். அப்புறம், அடுத்து யாரிடம் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள்.